அரசினர் தோட்டத்தில் இருந்த வீடு: சென்னை இழந்த ஆளுநர் மாளிகை

சென்னை அண்ணா சாலையில், ஓமந்தூரார் அரசு மருத்துவமனையை ஒட்டி, அகலமான படிக்கட்டுகளும் உயர்ந்த தூண்களுமாக ராஜாஜி மண்டபம் நிற்கிறது. அண்ணாவின் உடலும் எம்.ஜி.ஆரின் உடலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட இடம் என்று தமிழகம் முழுவதும் அறியப்பட்ட கட்டடம் அது. ஆனால் அது தனிக் கட்டடமாக எழுந்ததில்லை. ஒரு பெரிய வீட்டுக்கு விருந்துக்கூடமாகவே 1802இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த வீடு கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சென்னை மாகாணத்தை ஆண்ட ஆளுநர்கள் அதில் குடியிருந்தார்கள். 2008இல் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்துக்காக, இரண்டும் இருந்த அரசினர் தோட்டத்தில் வேலை தொடங்கியபோது, இடிக்கப்பட்ட பழைய கட்டடங்களில் அதுவும் ஒன்றாகிப் போனது.

கூடம் தப்பியது, வீடு தப்பவில்லை. இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தவை, இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, இரண்டும் அரசின் சொத்து. பிறகு ஏன் இந்த வேறுபாடு? அந்த வீடு எப்படி வாங்கப்பட்டது, யாருக்காகப் பெரிதாக்கப்பட்டது, எப்போது வேலையிழந்தது என்று வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும். தன் வாழ்நாள் முழுவதும் இந்த ஊர் மக்களுக்குக் கதவைத் திறக்காத வீடு அது. ஆபத்து வந்த நேரத்தில் அதற்காகப் பேச வந்தவர்கள் வரலாற்றில் ஈடுபாடு கொண்ட சிலர் மட்டுமே. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒரு நகரத்தின் பெரிய மாளிகைகளில் எது நிலைக்கிறது, எது போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு சென்னையில் இல்லை என்பதால் சொல்கிறேன்.

ஒரு விதவையின் வீடு

கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயர்கள் கடலூருக்குப் பக்கத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கு ஒதுங்கினார்கள். ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் கிடைத்தது அவர்கள் விட்டுச் சென்ற ஊர் இல்லை. கோட்டைக்கு வெளியே ஆளுநர்கள் ஓய்வுக்குப் பயன்படுத்திய பழைய தோட்ட வீடு பிரெஞ்சுக்காரர்களால் அழிக்கப்பட்டிருந்தது.

1752இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் கடலூரிலிருந்து மறுபடியும் சென்னைக்கு மாறியது. அப்போது ஆளுநராக இருந்தவர் தாமஸ் சாண்டர்ஸ். கோட்டைக்குள்ளே அலுவலுக்கு இடம் இருந்தது. ஆனால் நெருக்கமான தெருக்களும் சுற்றிலும் மதிலும் கொண்ட கோட்டையில் கோடைக்காலத்தைக் கழிப்பது எளிதில்லை. திருவல்லிக்கேணிக்கு வடக்கே, கூவம் ஆற்றங்கரைக்கு அருகில், மதேய்ரோஸ் என்ற போர்ச்சுகீசிய வணிகக் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. கணவரை இழந்த அந்தோனியா மதேய்ரோஸ் அப்போது அதன் உரிமையாளர். 1753இல் கம்பெனி அதை அவரிடமிருந்து 3,500 வராகனுக்கு (அன்றைய தங்க நாணயம்) வாங்கியது.

அந்த இடத்தின் அன்றைய நிலையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இன்று அண்ணா சாலை நகரத்தின் நடு நரம்பு. அன்று அது கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் வழி. இரண்டு பக்கமும் வயல், தோப்பு, ஏரி. ஆற்றுக்கு அப்பால் 1734இல் நெசவாளர்களுக்கென்று உருவாக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டை இருந்தது. தெற்கே பார்த்தசாரதி கோயிலைச் சுற்றித் திருவல்லிக்கேணி இருந்தது. பணம் சேர்ந்த ஐரோப்பியர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து, ஏக்கர் கணக்கில் நிலம் வளைத்து, நடுவில் ஒரு வீடு கட்டிக்கொள்ளும் பழக்கம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. தோட்ட வீடு என்றால் இதுதான். நிலம் மலிவு, கூலி மலிவு, இடம் தாராளம். பின்னாளில் இதே தாராளமான இடம்தான் அந்த வீட்டுக்கு எமனாக வந்தது.

வாங்கிய சில ஆண்டுகளிலேயே அடுத்த அடி விழுந்தது. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடியும் சென்னையை முற்றுகையிட்டது. இந்த முறை கோட்டை விழவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் லாலி பின்வாங்கினார். ஆனால் மதிலுக்கு வெளியே பாதுகாப்பில்லாமல் இருந்த ஆளுநரின் வீடு பெரும் சேதமடைந்தது. இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலேயர்கள் பதிலடி கொடுத்தார்கள். 1761இல் புதுச்சேரியைப் பிடித்து ஊரையே தரைமட்டமாக்கியபோது, கட்டி முடித்துப் பத்தாண்டுகூட ஆகியிராத பிரெஞ்சு ஆளுநரின் அரண்மனையும் சேர்ந்து போனது. 1746இல் சென்னைக் கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துச் சென்றிருந்த கருங்கல் தூண்களையும் அப்போது மீட்டு வந்தார்கள். தலைமைச் செயலகத்தின் முகப்பில் இன்று காணும் கரிய தூண்கள் புதுச்சேரி போய்த் திரும்பியவைதான். அந்தக் காலத்தில் எதிரியின் மாளிகையை இடிப்பது போரின் ஒரு பகுதி. ஒரு வீட்டை அழித்தால் ஓர் அரசே அழிந்ததாகக் கணக்கு.

கிளைவின் மகன்

மதேய்ரோஸ் குடும்பத்தின் வீட்டை மாளிகையாக்கியவர் எட்வர்ட் கிளைவ். பிளாசிப் போரில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். தந்தையின் பெயருக்கு முன் இவர் பெயர் நிற்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் வரலாற்றைப் பொறுத்தவரை, தந்தையைவிட மகன் காலத்தில் நடந்தவை அதிகம்.

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலையில் ஆர்க்காட்டு நவாப் உம்தத்-உல்-உமரா இறந்ததும், கர்நாடகப் பகுதியின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இவ்வளவும் மூன்றாண்டுகளுக்குள், இந்த ஒரே ஆளுநரின் காலத்தில். இதே ஆண்டுகளில்தான் அரசினர் தோட்டத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பாளையக்காரர்களின் கோட்டைகள் தெற்கே இடிந்து விழ, ஆளுநரின் மாளிகை இங்கே எழுந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த வீட்டின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

விருந்துக்கூடத்தின் முகப்பிலேயே அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. கிரேக்கக் கோயில் பாணியில் அமைந்த முக்கோண முகப்புகளில், ஒரு பக்கம் தந்தை வென்ற பிளாசியையும் மறுபக்கம் மகன் காலத்தில் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் நினைவூட்டும் வெற்றிச் சின்னங்களைச் சுதையில் அமைத்தார்கள். பக்கத்திலேயே 1768இல் நவாப் முகமது அலி வாலாஜா கட்டிய சேப்பாக்கம் அரண்மனை. கம்பெனியின் நண்பராக இருந்து, கம்பெனி ஆட்களிடமே பெருங்கடன் பட்டு, கடைசியில் ஆட்சியை இழந்த குடும்பத்தின் அரண்மனை அது. அதன் கும்மட்டங்களுக்கு எதிரே வெள்ளைத் தூண்களோடு இந்தக் கூடம் எழுந்தது. யார் ஆள்கிறார்கள் என்பதில் ஊரில் யாருக்கும் ஐயம் இருக்கக்கூடாது என்று கருதிய ஒருவர் கட்டியது.

கல்கத்தாவில் தலைமை ஆளுநர் வெல்லஸ்லி அதே ஆண்டுகளில் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு இந்த இரண்டு செலவுகளுமே பிடிக்கவில்லை. வணிகத்துக்காக அனுப்பிய ஆட்கள் அரசர்களைப் போல வாழத் தொடங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் மனக்குறை. கடிதம் லண்டனுக்குப் போய்ப் பதில் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் காலம். கண்டனம் வந்து சேர்வதற்குள் கட்டடம் நின்றுவிடும்.

வானியலாளர் கட்டிய மாளிகை

இந்த மாளிகையை வடிவமைத்தவர் தொழிலால் கட்டடக் கலைஞர் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜான் கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வுக் கூடத்தின் வானியலாளர். விண்மீன்களையும் வியாழனின் நிலவுகளையும் பார்த்துச் சென்னையின் நெடுவரையைக் கணித்தவர். பின்னாளில், கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்படும் பீரங்கிகளின் ஓசை வந்து சேரும் நேரத்தைக் குறித்து ஒலியின் வேகத்தை அளந்தவர். 1794இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் அவருக்குப் பின் இவரே நடத்தினார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. கிளைவ் இவரிடம் வீட்டையும் கூடத்தையும் ஒப்படைத்தார்.

கோல்டிங்ஹாம் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்ததை விரித்தார். சுற்றிலும் ஆழமான தாழ்வாரங்கள், தூண் வரிசைகள், மாடி அறைகள் சேர்ந்தன. சென்னையின் வெயிலுக்கு ஐரோப்பியர்கள் கண்ட விடை இந்தத் தாழ்வாரம்தான். சுவரில் வெயில் நேராகப் படாமல் தடுத்துவிட்டால், கடற்காற்று மாலையில் வீடு முழுவதும் ஓடும்.

கட்டுமான முறை முழுக்க முழுக்க இந்த ஊருடையது. வடிவம் கிரேக்கத்திலிருந்து வந்திருக்கலாம், ஆனால் அதை நிற்க வைத்தவர்கள் சென்னையின் கொத்தனார்கள். அந்தக் காலத்துச் சென்னை வீடுகளின் கூரையை இன்றும் மெட்ராஸ் டெரஸ் என்றே சொல்கிறோம். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான தளம். அதைக் கட்டைகளால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். இரும்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது. நன்றாகப் பராமரித்தால் இருநூறு ஆண்டுகள் ஒழுகாமல் நிற்கும். பராமரிப்பு நின்றால் முதலில் கெடுவதும் இதுதான். தளத்தில் ஒரு விரிசல் விழுந்து, நீர் இறங்கி, உத்தரத்தின் முனை சுவருக்குள்ளே உளுத்துப்போகும். வெளியே தெரியாது.

சுவர்ப் பூச்சு இன்னொரு கலை. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை வெண்மணலோடு கலந்து, அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, முட்டையின் வெண்கருவும் தயிரும் சேர்த்து, மூன்று பூச்சாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தால் பளிங்கு போல மின்னும். கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியப் பயணிகள் சென்னையின் வெள்ளைக் கட்டடங்களைப் பளிங்கு என்றே எண்ணி ஏமாந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று இந்தப் பூச்சைச் சரியாகச் செய்யத் தெரிந்த கைகள் மிகக் குறைவு. ஒரு பழைய மாளிகையை இடிக்கும்போது, அந்தக் கைகள் கற்றுக்கொள்ளவும் பழுதுபார்க்கவும் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே இடிக்கிறோம். கோட்டையிலோ சேப்பாக்கத்திலோ ஒரு சுவரைச் செப்பனிட இன்று படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பது தெரியும்.

மூன்று வீடுகள், ஒரு ஆளுநர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வீடு ஓர் அரசாங்கத்தின் அந்தப்புரமும் வரவேற்பறையுமாக இருந்தது. மன்னர்களும் ஜமீன்தார்களும் சந்திக்க வந்தார்கள். விருந்துக்கூடத்தில் நடனங்களும் பட்டமளிப்புகளும் நடந்தன. சுவர்களில் முந்தைய ஆளுநர்கள், தளபதிகள் ஆகியோரின் ஆளுயர ஓவியங்கள் தொங்கின. அவற்றில் பலவற்றை இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில் காணலாம். ஆளுநருக்கென்று தனிக் குதிரைப்படைக் காவல் இருந்தது. அந்தக் காவலர்கள் தங்கிய பகுதியில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலுக்குப் பாடிகாட் முனீஸ்வரன் கோயில் என்றே பெயர் வந்துவிட்டது. பல்லவன் சாலையில் இருக்கும் அந்தக் கோயிலுக்குப் புது வண்டி வாங்கியவர்கள் இன்றும் வந்து பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போகிறார்கள். ஆளுநரும் இல்லை, அவர் வீடும் இல்லை, குதிரைப்படையும் இல்லை. மக்கள் தமக்கென்று எடுத்துக்கொண்ட அந்தப் பெயர் மட்டும் உயிரோடு இருக்கிறது.

வீட்டின் செல்வாக்கு குறையத் தொடங்கியது ஆங்கிலேயர் காலத்திலேயே. தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1820களில் கிண்டியில் காட்டை ஒட்டிய ஒரு வீட்டை அரசு எடுத்துக்கொண்டது. நகரத்தின் சந்தடி பிடிக்காத ஆளுநர்கள் அங்கே போய்த் தங்கினார்கள். அடுத்து உதகமண்டலம். 1870களுக்குப் பிறகு ஆண்டின் வெயில் மாதங்களில் மாகாண நிர்வாகமே மலையேறியது, அங்கேயும் ஆளுநருக்கு ஒரு மாளிகை எழுந்தது. ஆக, ஒரே ஆளுநருக்கு மூன்று வீடுகள். கோடைக்கு உதகை, ஓய்வுக்குக் கிண்டி, விருந்துக்கும் விழாவுக்கும் மட்டும் அரசினர் தோட்டம். குடியிருக்கும் வீடாக இருந்தது சிறிது சிறிதாக நிகழ்ச்சி நடத்தும் இடமாக மாறியது. நகரமும் இதற்குள் சுற்றிவர நெருங்கிவிட்டது. வயல்கள் இருந்த மவுண்ட் சாலையில் (இன்றைய அண்ணா சாலை) கடைகளும் அலுவலகங்களும் வந்தன. சுற்றிலும் மனை விலை ஏற ஏற, நடுவில் இவ்வளவு பெரிய தோட்டம் எதற்கு என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிக்கொண்டே வந்தது.

1946-47இல், கடைசி ஆங்கிலேய ஆளுநர் ஆர்ச்சிபால்ட் நை காலத்தில், ஆளுநரின் நிலையான இருப்பிடம் கிண்டிக்கு மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்த முடிவில் தவறேதும் இல்லை. புதிய நாட்டில், நகரத்தின் நடுவே பெரிய தோட்டத்தை ஒரு மனிதருக்காக வைத்துக்கொள்வதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அன்றே அந்த வீட்டுக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அரசு அலுவலகங்களும் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கும் இடங்களும் வளாகம் முழுவதும் பரவின. தேவைக்கேற்ப அறைகள் தடுக்கப்பட்டன, இணைப்புக் கட்டடங்கள் ஒட்டப்பட்டன. வளாகம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பெயரைப் பெற்றது. 1947 முதல் 1949 வரை மாகாணத்தின் முதல்வராக இருந்த அவர் எளிமைக்குப் பெயர்பெற்றவர்.

விருந்துக்கூடத்தின் கதையோ வேறு பாதையில் போனது. 1938-39இல் மாகாணச் சட்டமன்றம் அங்கே கூடியது. சுதந்திரத்துக்குப் பின் ராஜாஜியின் பெயர் வைக்கப்பட்டது. கூட்டங்களும் கண்காட்சிகளும் நடந்தன. பிறகு, யாரும் திட்டமிடாத ஒரு புதிய பங்கு அதற்கு அமைந்தது. 1969 பிப்ரவரியில் அண்ணாவின் உடல் அங்கே வைக்கப்பட்டபோது, தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கிளம்பி அந்தப் படிக்கட்டுகளை நோக்கி வந்தது. 1972இல் ராஜாஜி, 1973இல் பெரியார், 1975இல் காமராசர், 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி என்று தமிழக அரசியலின் பெரும் தலைவர்களுக்கு விடை கொடுத்த இடம் அதுவே. பிளாசியையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் கொண்டாடக் கட்டிய கூடத்தை மக்கள் தங்கள் துயரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கட்டியவர் நோக்கம் எங்கோ போய், வந்து நின்றவர்களின் கண்ணீர் அதன் அடையாளமாகிவிட்டது. எந்த அரசு வந்தாலும் அதில் கைவைக்கத் துணியாது.

வீட்டுக்கு அப்படி ஒரு மறுபிறப்பு வாய்க்கவில்லை. ஓர் அலுவலகத்துக்கு வேலையாக வந்து போனவர்கள் அது யாருடைய வீடு என்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. அருங்காட்சியகமாகவோ நூலகமாகவோ ஐம்பதுகளிலேயே திறந்திருந்தால், இரண்டு தலைமுறைப் பள்ளிக் குழந்தைகள் வரிசையில் நின்று பார்த்திருப்பார்கள். அவர்களில் சிலர் 2008இல் பேசியிருப்பார்கள்.

சட்டமன்றத்துக்கு ஓர் இடம்

இடிப்புக்கு உடனடிக் காரணம் சட்டமன்றத்துக்கான இடநெருக்கடி. அந்தத் தேவை உண்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் பேரவைக் கூடம் சிறியது. 375 உறுப்பினர்களோடு 1952இல் பேரவை அமைந்தபோதே அங்கே இடம் போதவில்லை. அரசினர் தோட்டத்தில் தனிக் கட்டடம் ஒன்றை எழுப்பி அங்கே கூடினார்கள். மாநிலம் பிரிந்து உறுப்பினர் எண்ணிக்கை குறைந்ததும் கோட்டைக்குத் திரும்பினார்கள். அந்தக் கட்டடம் பாலர் அரங்கமாகி, பின்னர் கலைவாணர் அரங்கமானது. அதுவும் இப்போது இல்லை. அதே பெயரில் 2016இல் திறக்கப்பட்டது புதுக் கட்டடம்.

2003இல் ஜெயலலிதா அரசு, கடற்கரையில் இருக்கும் ராணி மேரிக் கல்லூரி நிலத்தில் தலைமைச் செயலகம் கட்ட முனைந்தது. மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். பேராசிரியர்களும் பழைய மாணவிகளும் சேர்ந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1914 முதல் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் படித்து வெளியேறிய இடம் அது. தங்கள் வாழ்க்கையின் ஒரு பகுதியாக அதைக் கருதியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அரசினர் தோட்டத்துக்கும் கல்லூரிக்கும் இருந்த வேறுபாடு இதுதான்.

அடுத்து வந்த கருணாநிதி அரசு அரசினர் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. யாரும் குடியிருக்கவில்லை, யாரும் படிக்கவில்லை, நிலம் அரசுடையது, மெட்ரோ ரயில் வரப்போகிறது, நகரத்தின் நடு. நிர்வாகத்தின் பார்வையில் இதைவிட எளிய முடிவு கிடையாது. 2008 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்தது. ராஜாஜி மண்டபத்தை விட்டுவிட்டு, வேலைக்குக் குறுக்கே இருந்தவை அகற்றப்பட்டன. பழைய மாளிகையின் தூண்களும் தாழ்வாரங்களும் கோல்டிங்ஹாமின் மாடிகளும், எங்கோ அவற்றுக்குள்ளே பொதிந்திருந்த அந்தோனியா மதேய்ரோஸின் சுவர்களும் அப்போது போயின.

2010 மார்ச் 13ஆம் நாள் பிரதமர் மன்மோகன் சிங் புதிய வளாகத்தைத் திறந்து வைத்தார். மேலே வரவேண்டிய பெரிய குவிமாடம் அப்போது முடிந்திருக்கவில்லை. திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகக் குவிமாடம் ஒன்றை எழுப்பித் திறப்பு விழாவை நடத்தினார்கள். 2010 மார்ச் முதல் 2011 பிப்ரவரி வரை அங்கே சட்டமன்றம் கூடியது. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு அரங்கில் பதவியேற்று, கோட்டையிலேயே பேரவையை நடத்தினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் புதிய வளாகம் மருத்துவமனையாகும் என்று அறிவித்தார். 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னர் ஒரு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது.

ஏழை நோயாளிகளுக்கு உயர் சிகிச்சை கிடைக்கும் இடத்தை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காரணகாரியத்தை வரிசைப்படுத்தினால் வலிக்கிறது. சட்டமன்றம் வேண்டும் என்பதற்காக வீடு இடிந்தது. சட்டமன்றம் ஓராண்டுகூட முழுதாக நிலைக்கவில்லை. எந்தத் தேவை சொல்லி அது இடிக்கப்பட்டதோ, அந்தத் தேவை வேறு இடத்தில் பழையபடியே தொடர்கிறது. பேரவை இன்றும் கோட்டையில்தான் கூடுகிறது. கொரோனா காலத்தில் இடைவெளி விட்டு உட்கார இடம் வேண்டியிருந்தபோது, 2020 செப்டம்பரில், அரசினர் தோட்டத்தின் புதிய கலைவாணர் அரங்கத்துக்குத்தான் வந்தது.

தடுத்திருக்க முடியுமா

முடிந்திருக்கும் என்பதற்கு அதே அண்ணா சாலையில் சான்று இருக்கிறது. 1897இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. 2006இல் இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றத்துக்குப் போனது. இடிப்பு நிறுத்தப்பட்டது. கட்டடம் சிதைந்த நிலையில் இருந்தாலும் நிற்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் கருகியது, கூரையே விழுந்தது. ஒரு தீயணைப்பு அதிகாரி உயிரிழந்தார். அவ்வளவு சேதத்துக்குப் பின்னும் சுண்ணாம்பைக் கொண்டே அதை மீட்டுக் கட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கே நடக்கிறது. பழைய கட்டடத்தைப் புதிய வேலைக்குப் பயன்படுத்தச் சென்னையில் அறிவும் கைகளும் இருக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பெரும் தோட்டத்தில் ஒரு மாளிகையை மட்டும் விட்டு, சுற்றிக் கட்டுவது வடிவமைப்பாளர்களுக்கு அரிய வேலையும் இல்லை. ராஜாஜி மண்டபத்துக்கு அதைத்தானே செய்தார்கள்?

இல்லாமல் போனது சட்டப் பாதுகாப்பு. 2006இல் விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நகரின் நானூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு குழு அமைக்கும்படி உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டத்தின் பலம் அப்போது இல்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது 2012இல். அது நடைமுறைக்கு வர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள், 2024 வரை ஆனது. மாளிகை இடிந்ததற்கும் சட்டம் உயிர்பெற்றதற்கும் இடையே ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள்.

இன்று ஆணையத்தின் முன் இருக்கும் மிகக் கடினமான பகுதி தனியார் வீடுகள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தனியார் கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்க வேண்டும், மறுக்க ஓர் அதிகாரம் இருக்கிறது. அரசே உரிமையாளராகவும், அரசே இடிப்பவராகவும், அரசே அனுமதி தருபவராகவும் இருக்கும் இடங்களில்தான் மாளிகைகள் சத்தமின்றிப் போகின்றன. சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் ஆட்சியர் பங்களாக்கள், பயணியர் மாளிகைகள், பழைய நீதிமன்றங்கள், பொதுப்பணித் துறை அலுவலகங்கள் என்று மதில்களுக்குள்ளே மறைந்திருக்கும் இத்தகைய வீடுகள் இன்னும் ஏராளம். அவற்றின் பட்டியலை ஆணையம் முதலில் வெளியிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த வரைபடமும் படங்களும் பொதுவில் இருக்க வேண்டும். இடிக்கும் முடிவு எடுப்பதற்கு முன் ஆண்டுக்கு ஒரு நாளாவது பொதுமக்களை உள்ளே விட வேண்டும். முதல் கதவை ராஜாஜி மண்டபத்திலிருந்தே திறக்கலாம். அந்தக் கூடம் யாருடைய வீட்டோடு சேர்ந்தது, அதன் முகப்பில் ஏன் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தது, பக்கத்தில் இருந்த வீடு எங்கே என்பதை விளக்கும் ஒரு நல்ல கண்காட்சியை அங்கேயே வைக்கலாம். அதற்கு வேண்டிய ஆவணங்கள் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓவியங்கள் கோட்டையில் இருக்கின்றன. அரசினர் தோட்டம் என்ற பெயரிலேயே 2019 முதல் ஒரு மெட்ரோ நிலையமும் வாசலில் இருக்கிறது.